பூவில் பேசிய விலை

"பத்திரமும் விழுந்துடுச்சு, பங்கும் விழுந்துடுச்சும்மா. எதுவுமே கெட்டுப்போகலை. அப்புறம் ஏன் விழணும்?"

கேட்டவர் மருதவாணன். ஓசூரில் வெகுகாலம் மருந்துக்கடை நடத்தியவர். அறுபதைத் தாண்டியதும் கடையை வாடகைக்கு விட்டுவிட்டு மாந்தோப்பு மடத்துக்கு வரத் தொடங்கியிருந்தார்.

மடத்தின் குரு தில்லைநாயகி அவரைவிட இளையவர். குரு சிஷ்யரை "ஐயா" என்பார். சிஷ்யர் குருவை "அம்மா" என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பத்திரம் யாரு கொடுத்தது?"

"அரசாங்கம். வருஷா வருஷம் வட்டி, பத்து வருஷம் கழிச்சு முதல்."

"வட்டியை நிறுத்திட்டாங்களா?"

"இல்லை. வெளியில எல்லா வட்டியும் ஏறிடுச்சு. என் பத்திரத்தை இப்ப யாரும் வாங்கின விலைக்குக் கேட்க மாட்டேங்கறான்."

"பங்கு?"

"நல்ல கம்பெனிங்கதான். லாபமும் குறையலை. ஆனா எல்லாரும் பயந்துகிடக்கிறாங்க."

"பணம் உங்களுக்கு இப்ப வேணுமா?"

"வேண்டாம்மா. சாப்பாட்டுக்குக் கடை வாடகை போதும். இது என் வீட்டுக்காரி பூங்கோதைக்கு வெச்சது. எனக்கப்புறம் அவ யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது." போனை எடுத்துக் காட்டினார். "மூணரைக்கு மார்க்கெட் மூடிடும். அதுக்குள்ள எல்லாத்தையும் வித்துடறேன்."

வாசலில் கார் வந்து நின்றது.

மாம்பழ வியாபாரி நூருல்லா இறங்கினார். ஒவ்வொரு மாசியிலும் மரம் பூவாக இருக்கும்போதே மடத்துத் தோப்புக்கு விலை பேசிப் பணம் கொடுத்துவிடுவார். அதன்பிறகு காய்த்தாலும் அவருக்கு, கொட்டினாலும் அவருக்கு.

"இந்த வருஷம் நீங்க பேசுங்க ஐயா," என்றார் அம்மா.

"எனக்கென்னம்மா தெரியும் மாங்கா வியாபாரம்?"

"வந்ததிலிருந்து விக்கணும் விக்கணும்னுதானே சொல்றீங்க? போய் வித்துட்டு வாங்க."

நூருல்லா அண்ணாந்து பார்த்தபடி தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ரெண்டரை லட்சம்."

"போன வருஷம் மூணு கொடுத்தீங்களாமே! பூ கம்மியா?"

"பூ கூடத்தான். பொய் சொல்ல மாட்டேன்."

"அப்புறம்?"

"இப்ப பேங்குல போட்டுட்டுக் கால் மேல கால் போட்டு உட்கார்ந்தாலே நல்ல வட்டி வருது ஐயா. அதை விட்டுட்டு உங்க தோப்புக்கு வர்றேன். விலையைக் குறைச்சாத்தானே எனக்குக் கட்டுப்படியாகும்?"

மருந்துக்கடைக்காரருக்குப் பேரம் புதிதல்ல. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"எப்பவும்போல காய்ச்சா நாலு லட்சம் தேறுமில்ல?"

"தேறும்."

"காத்தடிச்சாலும் மழை பேஞ்சாலும் ஆனியில நாலு லட்சத்துப் பழம் உங்களுக்கு உறுதின்னு நாங்க சொன்னா?"

"மூணே முக்காலுக்கு மேலயே கொடுப்பேன். வட்டிக்கு மட்டும்தான் கழிப்பேன்."

"அதையே பத்து வருஷம் கழிச்சுத் தர்றேன்னா?"

"பாதிகூடக் கொடுக்க மாட்டேன். அத்தனை வருஷத்து வட்டியையும் கழிக்கணுமே. வட்டி ஏற ஏற இன்னும் குறைப்பேன்."

மருதவாணன் விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.

"உறுதின்னா மூணே முக்கால், பூவுன்னா ரெண்டரை. நடுவுல இருக்கிறது என்ன பாய்?"

"அது என் கூலி. காத்தடிக்கிற ராத்திரி முழிச்சிருக்கிறது நான்தானே? போன சித்திரையில அடிச்சதே ஒரு காத்து, அந்தப் பயம் இன்னும் போகலை. இந்த வருஷம் அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் கழிச்சிருக்கேன்."

மருதவாணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மரம் அதே மரம். பூ போன வருஷத்தைவிடக் கூட. வெளியில வட்டி ஏறினதுக்கும் நீங்க பயப்படறதுக்கும் எங்க மரம் என்ன பண்ணும்? விக்கலை பாய். ஆனியில நாங்களே பறிச்சுக்கறோம். அந்தக் கூலி எங்களுக்கே இருக்கட்டும்!"

சொல்லிவிட்டுச் சட்டென்று அம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, அதுவரைக்கும் மடத்துல அரிசி இருக்குமில்ல?"

"இருக்கு."

நூருல்லா வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப இனிமே நீங்க முழிச்சிருங்க ஐயா. மனசு மாறினா கூப்பிடுங்க. ஆனா அன்னிக்கு வேற விலை சொல்வேன்."

கார் போய்விட்டது. மருதவாணன் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, தானும் ஒரு கொத்துக் கீரையை எடுத்துக்கொண்டார். வெகுநாளைக்குப் பிறகு அவருக்கு நிம்மதியாக இருந்தது.

"மணி என்ன ஐயா?"

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மணி நாலு. மார்க்கெட் மூடி அரை மணி நேரமாகியிருந்தது.

"நாளைக்குக் காலையில திறப்பாங்களே," என்றார் அம்மா.

மருதவாணன் அண்ணாந்து தோப்பைப் பார்த்தார். பிறகு போனைத் திரும்பப் பையில் வைத்தார்.

அப்போது ஒரு காற்று அடித்தது. அவர் தலையிலும் மடியிலும் மாம்பூ கொட்டியது. கீரையை விட்டுவிட்டுச் சடாரென்று எழுந்து நின்றார்.

"பயமா இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப கூலி ஏறுது. உட்கார்ந்து கீரையை ஆயுங்க."