நிலை மேல் மூன்று சிலுவை

அந்தக் காலத்தில் பல்லி பேசும், காய்ச்சலும் பேசும். ஆனால் வீட்டுக்காரர்கள் தங்கள் வாயால் "வா" என்று சொன்னாலொழிய காய்ச்சல் எந்த வீட்டுக்குள்ளும் கால் வைக்க முடியாது.

அதனால் அது வருஷமெல்லாம் பசியோடு கடற்கரையில் அலையும், கிறிஸ்மசுக்குக் காத்திருக்கும். பெத்லகேமில் நிறைமாசமாக வந்த மாதாவுக்கு "இடமில்லை" என்று கதவைச் சாத்தினார்கள் அல்லவா? வீட்டில் வைத்த கிறிஸ்மஸ் குடிலைப் பிரிக்கும்வரை அந்தக் கரையில் யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். பாவம் வந்துவிடுமாம். யார் வந்து நின்றாலும் "வா"தான்.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின நாள், உச்சி வெயிலில், தெக்லாள் வீட்டு வாசலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்து நின்றாள். தெக்லாளின் புருஷன் கடலில். கைப்பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

"தாயி, நடக்க முடியல. உள்ள கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்."

தெக்லாள் வாயைத் திறப்பதற்குள் வாசல் நிலை மேலிருந்த பல்லி முந்திக்கொண்டது.

"அவ வந்த வழியப் பாரு. மணல்ல கால்தடம் கெடக்கா?"

இல்லை. அலை இழுத்துவிட்டுப் போனது போல மணல் வழவழவென்று கிடந்தது.

நேற்று பிள்ளையைப் புதைத்த மேலத்தெரு வீட்டுக்கும் இவள்தான் வந்தாளாம்; அந்த வீட்டுப் பல்லி சொன்னதாம். உனக்கென்ன இவ்வளவு அக்கறை என்று தெக்லாள் கேட்டாள். வீட்டில் விளக்கு எரிந்தால்தானே எனக்குப் பூச்சி என்றது பல்லி. "இடமில்லைன்னு சொல்லு, போயிரும்."

குடில் இருக்கும்போது அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? பல்லி சொல்வது பொய்யாக இருந்தால்? நிஜமாகவே ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரியை வெயிலில் விரட்டிவிட்டால்?

வாசலில் நின்றவள் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆம்பளப்புள்ளயா தாயி? தூக்கிப் பாக்கணும்போல இருக்கு."

தெக்லாளின் கண் குடில் பக்கம் போனது. அங்கே பாலன் இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களும் மண்பொம்மைகளாக நின்றார்கள். அவர்களிடமும், அந்தப் பாலனைக் கொல்லத் தேடிய ஏரோது ராஜா இப்படித்தான் கேட்டான். பிள்ளை எங்கே இருக்கிறதென்று சொல்லுங்கள், நானும் வந்து கும்பிடுகிறேன் என்று இதே தேன் குரலில். அவர்கள் சொல்லவில்லை, வேறு வழியாக ஊருக்குப் போய்விட்டார்கள். பிள்ளையைக் கேட்டு வரும் குரலில் நல்லது எது, கெட்டது எது என்று அவர்களுக்குத் தெரியும்.

வெள்ளையடித்து மீந்த சுண்ணாம்புக் கலயத்தில் விரலை முக்கிக்கொண்டு முக்காலியில் ஏறினாள். அவளுக்கு எழுதத் தெரியாது. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்று அந்த ராஜாக்களின் பேரைச் சொல்லிச் சொல்லி, நிலை மேல் ஆளுக்கொரு சிலுவை போட்டாள். இப்போது சிலுவைகளோடு எழுதும் அந்தப் பேர்களின் முதலெழுத்தும் வருஷமும் பிற்பாடு படித்தவர்கள் சேர்த்தவை.

"கதவு தெறந்துதான் கெடக்கு. இவங்க மூணு பேரும் விட்டா உள்ள வாங்க. தண்ணி தர்றேன்."

வந்தவள் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் கீழே இறங்கவில்லை. காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

"உன் வீடு போகட்டும். பக்கத்து வீட்லயும் தொட்டில் ஆடுதே."

தப்பித்தாயிற்று, பேசாமல் உட்கார் என்றது பல்லி. தெக்லாள் தொட்டிலை ஒருமுறை பார்த்தாள். பிள்ளையை அந்த மூவரிடம் விட்டுவிட்டு, கலயத்தோடு ஓடினாள்.

பக்கத்து வீட்டுப் பிரகாசி அதற்குள் "வா" என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள். தெக்லாளின் சுண்ணாம்புக் கை அந்த வாயைப் பொத்தியது. உதடு வெந்துபோய்ப் பிரகாசி கையைத் தட்டிவிட்டாள்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

தெக்லாள் எம்பி எம்பிச் சிலுவைகளைப் போட்டாள். மூன்றாவது முடிந்ததும், வந்தவளின் கால் அந்தரத்தில் நின்றதைப் பிரகாசி பார்த்தாள். திட்டுவதை நிறுத்தினாள். கொட்டாங்கச்சியில் பாதிச் சுண்ணாம்பை வாங்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்கு ஓடினாள்.

காய்ச்சல் அவசரப்படவில்லை. மாசமானவளைப் போலவே இடுப்பில் கைவைத்து, வாசல் வாசலாக நின்று நின்று நடந்தது. ஒவ்வொரு வாசலிலும் சுண்ணாம்பு ஈரமாகவே இருந்தது.

அது சாகவில்லை. உப்பளம் பக்கமாகத் திரும்பிப் போனது. உப்புக்காற்றும் மழையும் ஒரு வருஷத்தில் எந்தச் சுண்ணாம்பையும் தின்றுவிடும் என்பது அதற்குத் தெரியும்.

அன்று முதல்தான், கிறிஸ்மஸ் கழிந்து மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு கோயிலிலிருந்து ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்க வருகிறவர்கள், ஒரு வீடு விடாமல் வருஷா வருஷம் நிலை மேல் எழுதிவிட்டுப் போகிறார்கள். எழுதிய கையோடு யாரும் கதவைச் சாத்துவதில்லை; வருகிறவர்களை அந்த மூவர் பார்த்துக்கொள்வார்கள்.