எந்த ஊர் பிளக்கும் போகிற பலகை

சிறுமலை அடிவாரத்தில் உமையாள் அம்மையின் இல்லத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் தணிகாசலத்துக்கு மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. விடிந்தால் போதும், ஏதாவது ஒரு பொருள் அவரைச் சீண்டும்.

சமையல்கட்டில் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த மின்சார அடுப்பு இருந்தது. கண்ணாடியின் மேல் விரல் வைத்தால் எரியும். ஈர விரல் பட்டால் கூவிக்கொண்டே அணைந்துவிடும்.

"சமையல்கட்டுல ஈரமில்லாத கை எங்கே இருக்கு?" என்று அவர் அடுப்பையே பார்த்துக் கேட்டார். அடுப்பு மறுபடியும் கூவியது.

வெந்நீர்க் குழாயை ஓர் அறையில் வலப்பக்கம் திருப்ப வேண்டும், அடுத்த அறையில் இடப்பக்கம். வெளிநாட்டு அன்பர் ஒருவர் விட்டுப்போன மருந்துப் புட்டியில் தேதி போட்டிருந்தது. அதில் எது நாள், எது மாதம் என்று புட்டிக்கே தெரியாது போலிருந்தது.

ஒவ்வொன்றையும் அவர் தூக்கிக்கொண்டு போய் அம்மையிடம் முறையிடுவார். அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், அல்லது சும்மா உட்கார்ந்திருப்பார்.

"சரிதான் ஐயா" என்பார்.

அந்த ஒரு சொல் தணிகாசலத்தை இன்னும் கிளறிவிடும்.

தணிகாசலம் மின்சாரப் பொறியாளர். சுவிட்சும் சாக்கெட்டும் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தவர். பிறகு பல நாட்டுக்காரர்கள் சேர்ந்த ஒரு குழுவில் உட்கார்ந்தார். உலகம் பூராவுக்கும் ஒரே மாதிரி பிளக் கொண்டுவர வேண்டும் என்பது குழுவின் வேலை. கூட்டத்துக்குக் கூட்டம் எல்லோரும் ஒரே பிளக் வேண்டும் என்று தலையாட்டினார்கள். அது தங்கள் நாட்டுப் பிளக்காக இருக்கட்டும் என்பதையும் எல்லோரும் சேர்த்தே சொன்னார்கள். கடைசியில் ஒருநாள் தேநீர் குடித்துவிட்டுக் குழுவைக் கலைத்துவிட்டார்கள். அவருடைய பாதி வயது அந்தக் கூட்ட அறைகளில் போயிருந்தது.

ஊருக்குத் திரும்பியவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மன அமைதி தேடுகிறவர்கள் வந்து தங்குகிற இடம் என்று யாரோ சொல்லி இங்கே வந்தார். உமையாள் அம்மைக்கு அவருடைய தங்கை வயதுதான் இருக்கும். முதல் நாள் அவர் பிளக்கைப் பற்றி மத்தியானம் வரைக்கும் பேசினார். அம்மை ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. அப்படி யாரும் அவர் பேச்சைக் கேட்டதில்லை. அன்றைக்கே பெட்டியைப் பிரித்து வேட்டிகளை அலமாரியில் அடுக்கிவிட்டார்.

ஒருநாள் காலை அவர் நேராகவே கேட்டார்.

"அம்மை, மனுஷன் என்னென்னவோ கண்டுபிடிக்கிறான். சுவத்துல ஒரு ஓட்டை போடறதுல மட்டும் ஏன் ஒத்துப்போக மாட்டேங்கறான்?"

அம்மை முறத்தை ஓரமாக வைத்தார்.

"விருந்தினர் அறையை இனிமே நீங்க பார்த்துக்கங்க ஐயா."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"வர்றவங்களையும் நீங்களே பார்த்துக்கங்க."

அதுதான் பதில் என்று தணிகாசலத்துக்குப் படவில்லை. ஆனால் வேலை பிடித்திருந்தது. மனசு சும்மா இருக்க முடியாதபோது கையாவது எதையாவது பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தார்.

அறைக்குள் போய்ப் பார்த்தார். சுவரில் ஒரே ஒரு சாக்கெட், அதுவும் கட்டிலுக்குப் பின்னால். இதை வைத்தவனுக்கு முதுகில் கை முளைத்திருக்க வேண்டும் என்று முணுமுணுத்தார். திண்டுக்கல் போய்ச் சாமான் வாங்கி வந்தார். தட்டைப் பின், உருண்டைப் பின், சாய்ந்த பின், மூன்று பின் என எது வந்தாலும் வாங்கிக்கொள்கிற துளைகள் வைத்து ஒரு நீளப் பலகை செய்தார். மேசைக்கு மேலே, கைக்கு எட்டுகிற உயரத்தில், சுவரில் பொருத்தினார். குழுவில் இத்தனை பேர் சேர்ந்து முடியாததைத் தனி ஆளாகச் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

அம்மையைக் கூட்டி வந்து காட்டினார்.

"எந்த ஊர் பிளக்கும் இதுல போகும். வர்றவங்க யாரையும் எதுவும் கேக்க வேண்டாம். நமக்கும் அவங்ககிட்ட கேக்க ஒண்ணும் இல்லை."

அம்மை பலகையைத் தடவிப் பார்த்தார். "வழவழன்னு இருக்கு" என்றார். போய்விட்டார்.

அந்த வாரமே ஒரு பெண் வந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. வெளிநாட்டில் இருந்து வருகிறாள் என்பது மட்டும் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. மதுரையில் இருந்து வாடகைக் காரில் வந்திருந்தாள். வழியெல்லாம் சாலை போடுகிற வேலை. காரின் மேலும் அவள் தலைமுடியின் மேலும் செம்மண் படிந்திருந்தது. வாசலில் இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது.

தணிகாசலம் பெட்டியை வாங்கி அறைக்குக் கொண்டு போனார். அவள் கட்டிலில் உட்கார்ந்து, கைப்பையில் இருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை வாயில் வைத்து அழுத்தினாள். வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு பையைத் திறந்து வெள்ளை நிறத்தில் ஒரு மிஷினை எடுத்தாள். மருந்தைப் புகையாக்கி மூச்சோடு உள்ளே அனுப்புகிற மிஷின். அதன் வயரைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்த்தாள்.

"அண்ணை, பொறுங்கோ. எனக்கு இந்த முட்டு வருத்தம், ஆஸ்துமா இருக்கு. இது வந்து..."

இருமல் வந்து பேச்சை அறுத்தது.

"நீங்க பேசாதீங்கம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார் தணிகாசலம். வயரை அவள் கையில் இருந்து வாங்கினார்.

இரண்டு தட்டைப் பின். பார்த்த உடனே உலகத்தில் எந்தப் பக்கத்துப் பிளக் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்து மின்சாரம் நம்முடையதில் பாதி என்பது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மிஷினைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகவே புடைத்த எழுத்து. கட்டைவிரலால் தடவினார், பிடிபடவில்லை. இந்தக் காலத்துச் சாமான்கள் எல்லாம் இரண்டு மின்சாரத்துக்கும் தாங்குகிற மாதிரிதானே வருகின்றன.

அவள் கையை நீட்டித் தன் பெட்டியைக் காட்டினாள். "அண்ணை, உங்கட கறண்ட்..."

"எந்த ஊர் பிளக்கும் இதுல போகும்மா."

போயிற்று. கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் சுவிட்சைப் போட்டார்.

மிஷின் வண்டு போல இரைந்தது. சத்தம் மேலே மேலே ஏறியது. அடியில் இருந்து மெல்லிய புகை வந்தது. பிளாஸ்டிக் கருகுகிற வாசனை வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை.

அவர் சுவிட்சை அணைத்தார். போட்டார். அணைத்தார். அவள் சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள். உதட்டோரம் வெளிறிக்கொண்டு வந்தது. அந்த நேரத்திலும் அவர் மிஷினைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

வாசலில் அம்மை நின்றார். ஒரு பார்வையில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்.

"வண்டியை எடுங்க ஐயா."

இல்லத்து வண்டி புது மாதிரி. சாவி கிடையாது, பொத்தான்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டு அழுத்தினால் கிளம்பும். மிதிக்காமல் அழுத்தினால் விளக்குகள் எரியும், வண்டி நகராது, ஏன் என்றும் சொல்லாது. தணிகாசலம் மிதிக்க மறந்தார். மூன்று தடவை குத்தினார். திரையில் பாட்டு வரிசை வந்தது. பின்னால் விசில் சத்தம் சன்னமாகிக்கொண்டே போனது.

"பிரேக்" என்றார் அம்மை.

வழி முழுக்கத் தணிகாசலம் கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி ஓட்டினார். அம்மை அந்தப் பெண்ணின் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தார். அவள் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். அவள் தலையசைத்தாள். மறுபடி கேட்டார். அவள் இரண்டு மூன்று சொல் சொன்னாள். என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் பல்லைக் கடித்தார்.

சுகாதார நிலையத்தில் அம்மையும் ஓர் ஊழியரும் அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டு போனார்கள். வாசலில் நர்ஸ் ஒருத்தி தணிகாசலத்தை நிறுத்தினாள்.

"கூட வந்தவரா? பேர் என்ன அவங்களுக்கு?"

தணிகாசலம் கதவு வழியே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வயசு?"

"நாப்பது இருக்கும்."

"ஏதாவது மருந்து ஒத்துக்காதா? வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

"தெரியலைங்க."

"எந்த ஊருங்க?"

"கனடாவா இருக்கும். இல்லேன்னா அமெரிக்கா."

"இருக்கும்னா?"

"பிளக்கை வச்சுச் சொல்றேன்."

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அதற்குள் உள்ளே இருந்து அம்மையின் குரல் கேட்டது. "சுகந்தினி. பெனிசிலின் ஒத்துக்காது. வேற ஒண்ணும் இல்லை." நர்ஸ் உள்ளே ஓடினாள்.

தணிகாசலம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். உட்கார்ந்தார். எழுந்தார். கருகிய மிஷினை எதற்கென்று தெரியாமல் கையோடு எடுத்து வந்திருந்தார். அதை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். சாய்வாகப் பிடித்தபோது எழுத்து தெரிந்தது. நூற்று இருபது வோல்ட் மட்டும்.

வெகுநேரம் கழித்து அம்மை வெளியே வந்தார். "மூச்சு சீராயிடுச்சு" என்றார்.

தணிகாசலத்தின் கண் கலங்கியது. கலக்கம் உடனே கோபமாக மாறியது.

"பாருங்க அம்மை. வெள்ளை மேல வெள்ளை. எவன் படிப்பான் இதை? ஒரு சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தா என்ன? மூச்சுக்குத் தவிக்கிறவங்க கையில கொடுக்கிற சாமான். தப்பான மின்சாரம் வந்தா தானா நின்னுக்கற மாதிரி செய்யறது பெரிய வித்தையா?"

"இல்லைதான். செஞ்சவங்களுக்கு எழுதிப் போடுங்க."

"எழுதத்தான் போறேன்."

"நல்லா எழுதுங்க. நீங்க எழுதினா அவங்களுக்குப் புரியும்."

அவர் இன்னும் சொல்ல வாயெடுத்தார். அம்மை குறுக்கே எதுவும் சொல்லவில்லை. அதனாலோ என்னவோ பேச்சு தானாக நின்றுபோனது.

"உள்ளே உங்களைக் கேட்டாங்க" என்றார் அம்மை.

அவர் தயங்கித் தயங்கி உள்ளே போனார். சுகந்தினி தலையணையில் சாய்ந்திருந்தாள். மருந்துப் புகை வருகிற மூடியை முகத்தில் இருந்து கொஞ்சம் விலக்கினாள்.

"அண்ணை, நீங்கள் நல்லாப் பயந்து போனீங்கள் என்ன?"

"மன்னிச்சுக்கம்மா. நீ ஏதோ சொல்ல வந்தே. பெட்டியைக் காட்டினே."

"ஓம். உங்கட கறண்ட் கூட எண்டு எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துக்குப் போகேக்கையும் இதே பிரச்சினைதான். கறண்டைக் குறைக்கிற பெட்டி ஒண்டு எப்பவும் கொண்டு வாறனான். சூட்கேசுக்குள்ள மேலதான் கிடந்தது. அதை எடுத்துத் தாங்கோ எண்டு சொல்ல வந்தன்."

தணிகாசலம் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மிஷின் போனாப் போகட்டும்" என்றாள் அவள். "இஞ்சயும் வாங்கலாம்தானே." மூடியை மறுபடி முகத்தில் வைத்துக்கொண்டாள்.

அவர் வெளியே வந்தபோது அம்மை மரத்தடியில் அதே இடத்தில் நின்றிருந்தார். வெயில் இறங்கியிருந்தது. சாலையில் இருந்து மண் லாரிகளின் சத்தம் வந்தது. தணிகாசலம் அவர் பக்கத்தில் வந்து நின்றார். உள்ளே அந்தப் பழைய அரிப்பு அடங்கவில்லை.

"அம்மை."

"சொல்லுங்க ஐயா."

"என் மேல தப்புதான். மறுக்கலை. ஆனா நான் சொல்றதும் பொய் இல்லையே. உலகம் பூரா ஒரே பிளக், ஒரே மின்சாரமா இருந்திருந்தா இன்னைக்கு இது நடந்திருக்குமா?"

"நடந்திருக்காது."

அவர் அம்மையின் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை.

"அப்ப நான் இத்தனை வருஷம் கேட்டது நியாயம்தானே? என்னைக்காவது ஒருநாள் அது வராதா?"

"வரட்டும் ஐயா. வந்தா நல்லதுதான்" என்றார் அம்மை. "அன்னைக்கும் வாசல்ல வந்து நிக்கிறவங்க பேரு, கேட்டாத்தான் தெரியும்."