பிடித்தாயா, பிடித்தேன்

கப்பலை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் சங்குமுகப்பட்டினம் என்று ஒரு கடல் நாடு. அதன் அரசன் ஆழியாதன். நன்றாகக் கேளுங்கள், அவனைப் புகழ்வதற்காக இந்தக் கதையை நான் சொல்லவில்லை.

அவன் முதல் தீவைப் பிடித்தான். மகன்கள் சேந்தனும் கொற்றனும் யார் கொடியை நடுவது என்று அடித்துக்கொண்டார்கள். இரண்டாம் தீவைப் பிடித்தான். அதை யார் ஆள்வது என்று அடித்துக்கொண்டார்கள். மூன்றாம் தீவைப் பிடித்தான். அதன்பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதையே விட்டுவிட்டார்கள்.

அரசி கோதைநங்கை கணவனை எச்சரித்தாள். "முதலில் வீட்டைப் பாருங்கள்" என்று மூன்று முறையும் சொன்னாள். ஆழியாதன் கண் நான்காம் தீவின் மேல் இருந்தது. மகன்களின் வாயை அடைக்க எல்லாவற்றையும் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுத்தான். கப்பல் கட்டும் துறையையும் விடவில்லை. பலகைக்கு வெளியே நின்று தைப்பவர்கள் சேந்தனின் ஆட்கள், உள்ளே நின்று தைப்பவர்கள் கொற்றனின் ஆட்கள். இப்படியும் ஒரு மூளை.

"அந்தப் பக்கத்து ஆளோடு பேசினால் நாக்கை அறுப்பேன்" என்று இருவரும் ஆணை போட்டார்கள். அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

நான்காம் தீவுக்கான பெரிய கப்பல் எழும்பியது. ஒரு நாள் துறைக்குப் போன அரசி திகைத்து நின்றாள். அங்கே ஆட்கள் இருந்தார்கள், வேலை நடந்தது, குரல் இல்லை.

முன்பெல்லாம் வெளியே இருப்பவன் கயிற்றைத் துளையில் விட்டு, "பிடித்தாயா?" என்பான். உள்ளே இருப்பவன் இழுத்து இறுக்கி, "பிடித்தேன்" என்பான். அந்தப் பதில் வந்த பிறகே அடுத்த துளை. அதுதான் அந்தத் துறையின் வழக்கம்.

"ஏனப்பா கூவவில்லை?" என்று கேட்டாள்.

"பேசக் கூடாதென்று ஆணை, தாயே. கயிறு இறுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு தைக்கிறோம்" என்றான் ஒருவன், தலையைத் தூக்காமல்.

அரசி நேரே அரசவைக்குப் போனாள். "கப்பல் உறுதியா?" என்று மகன்களைக் கேட்டாள்.

"என் பக்கம் உறுதி" என்றான் சேந்தன்.

"என் பக்கமும்தான்" என்றான் கொற்றன்.

"அப்படியானால் இருவரும் அதில் ஏறி முகத்துவாரம்வரை போய் வாருங்கள்."

சேந்தன் தம்பியைப் பார்த்தான். கொற்றன் தரையைப் பார்த்தான். இருவரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

அவள் அரசனிடம் திரும்பினாள். "நாம் பெற்ற பிள்ளைகள் ஏறப் பயப்படும் கப்பலில் ஊரார் பெற்ற பிள்ளைகளை ஏற்றுவீர்களா?"

"நாள் குறித்தாகிவிட்டது. அபசகுனமாகப் பேசாதே" என்றான் ஆழியாதன்.

ஏற்றினான். பாவி, ஏற்றினான். முரசு முழங்க, பட்டப்பகலில், தாய்மார் கரையில் நிற்க அந்தக் கப்பல் புறப்பட்டது. முகத்துவாரத்தில் முதல் அலை மோதியது, தையல் நெகிழ்ந்தது. இரண்டாம் அலை மோதியது, பலகைகள் வாய் பிளந்தன. மூன்றாம் அலைக்குப் பிறகு அங்கே கப்பலே இல்லை. நீந்தி வந்தவர்கள் கொஞ்சம் பேர்.

மறுநாள் கடல் உடல்களை ஒதுக்கியது. கோதைநங்கை மகன்களின் கையைப் பிடித்துத் தரதரவென்று மணலில் இழுத்து வந்தாள். "தூக்குங்கள்" என்றாள். காவலர்கள் குனிந்தார்கள். அவர்களை விலக்கிவிட்டாள்.

சேந்தன் தலைப்பக்கம் குனிந்தான். கொற்றன் கால்பக்கம் குனிந்தான். நனைந்த உடல் கனத்தது, கை வழுக்கியது.

"பிடித்தாயா?" என்றான் அண்ணன்.

"பிடித்தேன்" என்றான் தம்பி.

"இந்த வார்த்தையைக் கப்பல் தைக்கும்போதே சொல்லவிட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள் தாய். இருவரும் அடுத்த உடலுக்கு நகர்ந்தார்கள். அவர்கள் தூக்க வேண்டிய உடல்கள் கரை நெடுகக் கிடந்தன.

சேதி பரவியதும் மூன்று தீவுகளும் ஆழியாதனின் கொடியை இறக்கிவிட்டன.

வீட்டுப் பகையைத் தீர்க்காமல் நாட்டை விரிக்கப் புறப்படுகிறவன் ஊரார் பிள்ளைகளைக் கொல்கிறான்.