இரண்டு தம்ளர் தண்ணீர்

ஒரே ஒரு தடவைதான் சொல்வேன், கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நூற்று எழுபது நாளாகப் பந்தலில் கோஷம் போட்டுப் போட்டு என் தொண்டை தேய்ந்துவிட்டது. புதிர் போடுகிற தெம்பெல்லாம் எனக்கு இல்லை. ஆனாலும் இது எங்கள் ஊரையே போட்டு அரிக்கிறது, யாரிடமாவது இறக்கி வைத்தாக வேண்டும்.

எங்கள் ஊர் செம்பியநத்தம், கடைமடை. ஊருக்குக் கிழக்கே ஒரு கம்பெனி பூமியைத் துளைத்து, மருந்து கலந்த தண்ணீரை உள்ளே அழுத்தி, பாறையை நொறுக்கி எரிவாயு எடுக்கிறது. துளை போட்ட மறு வருஷமே எங்கள் அடிபம்பில் தண்ணீர் மஞ்சளாக வந்தது, மண்ணெண்ணெய் வாடையோடு. அது போதாதென்று இன்னும் ஆறு துளைக்கு அனுமதி கேட்டார்கள். அது கிடைத்துவிட்டால் சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் இதே கதிதான். வேண்டாம் என்று பந்தல் போட்டு உட்கார்ந்தோம்.

பந்தலில் இரண்டு குடம் இருக்கும். பெரிய குடத்தில் பம்புத் தண்ணீர். துணியில் வடிகட்டி, காய்ச்சி, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் எல்லோரும் குடிக்கிறோம். சின்னக் குடம் மலர்க்கொடிக்கு. அப்போது அவளுக்கு வயிற்றில் எட்டு மாசம். பம்புத் தண்ணீரைத் தொடவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மீன் விற்கிற மொய்தீன் தினமும் காலையில் ஐந்து மைல் சைக்கிள் மிதித்து, பக்கத்து ஊரிலிருந்து அவளுக்காக அந்த ஒரு குடத்தைக் கொண்டுவருவார். அது தீர்ந்தால் மறுநாள் காலையில்தான் அடுத்தது.

சித்திரை மாசம், நடுப்பகல். சொல்லாமல் கொள்ளாமல் விசாரணை அதிகாரி வந்து இறங்கினார். அவர் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் அனுமதி. ஜீப் பம்படியில் நின்றது. அவரே பம்பை அடித்துக் கையைக் கழுவினார். கையை மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார். டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் ஜீப்பிலிருந்து பாட்டில் தண்ணீரை எடுத்து ஊற்ற, மறுபடியும் கழுவிக்கொண்டார். பிறகு பந்தலுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"தாகமா இருக்கும்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

போராட்டத்தை முன்னால் நின்று நடத்துகிற தையல்நாயகி பெரிய குடத்தில் ஒரு தம்ளர் மொண்டாள். "பத்துப் பக்கம் எழுதிக் குடுத்தோம், மண்டையில ஏறல. ஒரு மடக்கு உள்ள போனா ஏறும்" என்று எங்களுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தாள்.

மொய்தீன் குறுக்கே வந்தார். "வேணாம்க்கா. ஒண்ணும் குடுக்காதீங்க. ஊர்ல குடிக்கத் தண்ணியே இல்லன்னு சொல்லிடுங்க. அதுதானே நெசம்?"

மலர்க்கொடி இடுப்பில் கையை ஊன்றி எழுந்தாள். தையல்நாயகி கையிலிருந்த தம்ளரை வாங்கிக் கீழே கொட்டினாள், தன் சின்னக் குடத்தைச் சாய்த்து நிரப்பி அதிகாரியிடம் நீட்டினாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரை மறுபடி நீட்டினார். அவளும் மறுபடி சாய்த்தாள். குடம் காலி. எங்கிருந்து வந்த தண்ணீர் என்று அவள் சொல்லவில்லை. சோறு போடும்போது அரிசி எங்கே வாங்கினோம் என்று சொல்லிக்கொண்டா போடுகிறோம்? அன்று பொழுது சாயும்வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முடியாமல் பெரிய குடத்தில் மொண்டு குடித்தாள்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. 'முன்னறிவிப்பின்றிச் சென்று, போராட்டப் பந்தலிலேயே குடிநீர் கேட்டு வாங்கி இரண்டு தம்ளர் அருந்தினேன். நிறமில்லை, வாடையில்லை. புகாரில் உண்மையில்லை.' ஆறு துளைக்கும் அனுமதி கிடைத்துவிட்டது.

அப்புறம் ஊருக்குள் ஆரம்பித்தது சண்டை.

"கேக்குற வாயில வெஷத்த ஊத்தச் சொல்றீங்களாக்கா?" என்று மலர்க்கொடி அழுதாள்.

"அந்த வெஷத்தத்தானடி நம்ம புள்ளைங்க தெனம் குடிக்குது! அவரு ஒரு வாய் குடிச்சா என்ன குடியா முழுகிப்போயிடும்?" என்றாள் தையல்நாயகி.

மொய்தீன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு மைல் மிதிச்சுக் கொண்டாந்தேன். கடைசியில அது நமக்கே எமனாயிடுச்சு."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கெட்ட தண்ணீரைக் குடித்துப் பார் என்று நீட்டப் போனவள் ஒருத்தி. இல்லை என்று சொல்லச் சொன்னவர் ஒருவர். தனக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தவள் ஒருத்தி. இதில் யார் செய்தது சரி?

விடை: ஜீப்பில் பாட்டில் தண்ணீர் இருந்தது. பிறகு அந்த மனுஷன் எதற்குப் பந்தலுக்கு வந்து தாகம் என்றார்? கையை முகர்ந்தபோதே அவருக்கு உண்மை தெரிந்துவிட்டது. அறிக்கைக்கு ஒரு வரி வேண்டியிருந்தது, அதற்காக வந்தார். கெட்ட தண்ணீரைக் கொடுத்திருந்தால், வேண்டுமென்றே எதையோ கலந்து கொடுத்தார்கள் என்று எழுதியிருப்பார். இல்லை என்றிருந்தால், விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று எழுதியிருப்பார். எப்படிப் போனாலும் அனுமதி அனுமதிதான். ஆகவே மலர்க்கொடி செய்தது சரி, அவளால் ஊர் எதையும் இழக்கவில்லை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று சும்மாவா சொன்னார்கள்? நாங்கள் மூன்று பேரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தோம், அந்த ஜீப்பைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கே இது பிந்தித்தான் உறைத்தது. ஓடிப்போய் மலர்க்கொடியிடம் சொன்னேன், மனசு ஆறுவாள் என்று. அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அப்படின்னா ரெண்டாவது தம்ளரையாவது பாப்பாவுக்கு வச்சிருக்கலாமேண்ணே."