வெங்காய வண்டியில் ஏறிய மன்னர்

அறிவாளி என்று பெயர் எடுத்தவனின் மடமையை அவன் வாயாலேயே கேட்டால்தான் சுவை. ஆகவே செங்குளநாட்டு அவைக் கவிராயன் திருமேனியாகிய நானே என் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் மன்னர் உக்கிரமாறரின் தங்கை, கடல் கடந்த தீவில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய மகள் அமுதவல்லிக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. தாய்மாமன் மாலை சூட்டி அழைத்து வராமல் எங்கள் குலப்பெண் மணவறை ஏறமாட்டாள். முகூர்த்தத்திற்கு எட்டே நாள். கடற்பயணம் நான்கு நாள். முத்தங்கரைத் துறையிலிருந்து புறப்படுவது ஒரே ஒரு கப்பல். அதைத் தவறவிட்டால், காற்று மாறிய பிறகுதான் அடுத்த கப்பல்.

கப்பல் தலைவர் காதிறு மரைக்காயர் அவைக்கு வந்து வணங்கினார்.

"மகாராசா, அரண்மனை வாசலிலிருந்து துறைமுகம் வரை என் கூண்டு வண்டிகளே வரும். இரண்டு நாள் வழி. நீங்கள் ஏறி அமர்ந்தால் போதும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"மன்னவா!" என்று எழுந்தேன். "நாடாளும் தாங்கள் வணிகர் வண்டியில், அவர் சொன்ன நேரத்தில் ஏறி, அவர் நிறுத்திய இடத்தில் இறங்குவதா? பட்டத்து யானை இருக்கிறது. வழி எனக்கு மனப்பாடம். பயண ஏற்பாடு முழுவதையும் அடியேனிடம் விடுங்கள்."

மரைக்காயர் புன்னகைத்தார். "தாராளமாக. ஆனால் ஒரு சொல். என் வண்டிகளில் ஒன்று வழியில் நின்றாலும் நங்கூரத்தைத் தூக்கமாட்டேன். கடல் பொங்கும் ஓதம் தப்பினால் அடுத்த ஓதம். சொந்த ஏற்பாட்டில் வருபவர்களுக்காக ஒரு நாழிகையும் நிற்கமாட்டேன். மன்னரே ஆனாலும் சரி."

"நான் வண்டியிலேயே வருகிறேன்" என்றார் தேவியார் மங்கைநாச்சி.

"கவிராயர் இருக்கும்போது நமக்கென்ன அச்சம்?" என்றார் மன்னர். எனக்கு உச்சி குளிர்ந்தது.

குளிர்ந்த தலையோடு இன்னொரு காரியமும் செய்தேன். வழியிலுள்ள பதினோரு ஊர்களுக்கும் ஆள் விட்டேன். மன்னர் வருகிறார், பூரணகும்பத்தோடு நில்லுங்கள் என்று ஓலை. அத்துடன் ஓதுவதற்காக நான் இயற்றிய நூறு அடி வாழ்த்துப்பா.

குடை பிடித்து யானைமேல் வரும் மன்னர், கும்பம் ஏந்தி நிற்கும் ஊரைக் கடந்து போகக்கூடாது, அது முறையன்று. இறங்க வேண்டும். பரிவட்டம் கட்டிக்கொள்ள வேண்டும். பாடல் முடியும் வரை நின்று கேட்க வேண்டும். இந்த முறைகளையெல்லாம் அவையில் பிறருக்கு விளக்குபவன் நான்தான். பயணத்தைக் கணக்கிட்டபோது மட்டும் எனக்கு நினைவு வரவில்லை!

நான்காம் ஊரில் மரைக்காயரின் வண்டிகள் எங்களைத் தாண்டின. தேவியார் திரையை விலக்கினார்.

"கவிராயரே, இது எத்தனையாவது அடி?"

"நாற்பத்திரண்டு, தேவியாரே."

"அழகாக இருக்கிறது. மீதியைத் திரும்பி வரும்போது கேட்டுக்கொள்கிறேன்."

மறுநாள் எட்டாம் ஊரில் பாடல் முடிந்தபோது உச்சிப்பொழுது சாய்ந்துவிட்டது. கப்பல் புறப்படுவது மாலை ஓதத்தில். இன்னும் மூன்று ஊர்கள், முந்நூறு அடிகள். மன்னர் தலையில் எட்டுப் பரிவட்டங்கள் கோபுரம்போல் நின்றன.

"கவிராயரே, என் மருமகள் மணவறை வாசலில் நிற்பாள். மாலை எங்கே என்று கேட்பாள். நான் என்ன சொல்ல? வாழ்த்துப்பா கேட்டுக்கொண்டிருந்தேன் என்றா?"

அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அப்போது பின்னாலிருந்து ஒரு மாட்டுவண்டி கடகடவென்று வந்தது. மூட்டை மூட்டையாக வெங்காயம்.

"யார் வண்டி ஐயா?" என்றேன்.

"மரைக்காயர் வண்டிங்க. கப்பல் சமையலுக்கு. சந்தையிலே நேரமாயிடுச்சு."

எனக்கு உயிர் வந்தது. "மன்னவா, ஏறுங்கள்!"

"நானா? வெங்காயத்தின் மேலா? வணிகர் வண்டி ஆகாது என்றவர் யார்?"

"ஒரு மடையன், மன்னவா. மரைக்காயர் யானைக்காக நிற்கமாட்டார். தம் வண்டிக்காக நிற்பார். இந்த வண்டிக்குக் கும்பம் எடுக்கவும் ஆள் இல்லை."

மாலைப் பெட்டியோடு ஏறினோம். மூட்டைகள் நசுங்கின. ஒன்பதாம் ஊர் எல்லையில் மேளத்தோடு நின்றவர்கள் வண்டியை நோக்கிக் குரல் கொடுத்தார்கள்.

"ஏம்ப்பா, ராசா வராரா?"

சாக்கைப் போர்த்தியிருந்த மன்னரே தலையை நீட்டினார். "வராரு, வராரு! யானை பின்னாலே வருது. பாட்டைத் தயாரா வச்சிருங்க!"

வண்டி நிற்கவே இல்லை.

துறைக்குச் சென்றபோது ஓதம் வடிந்திருந்தது. கப்பலோ அசையாமல் நின்றது. கரையில் மரைக்காயர் கண்ணுக்குமேல் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டைகளுக்கிடையிலிருந்து மன்னர் இறங்கவும் திகைத்தார்.

"மகாராசா! நான் வெங்காயத்துக்காக அல்லவா காத்திருந்தேன்!"

"வெங்காயத்தோடு வந்தவரும் உங்கள் வண்டியில் வந்தவர்தானே, மரைக்காயரே?" என்றேன்.

அவர் தாடியைத் தடவினார். "சொன்ன சொல் சொன்னதுதான். ஏறுங்கள். விடியற்கால ஓதத்தில் புறப்படுவோம்."

தேவியார் மன்னரின் கண்ணீரைக் கண்டு உருகினார். "ஒரு நாள் பிரிவுக்கா இவ்வளவு?"

"வெங்காயம், தேவி" என்றார் மன்னர்.

முகூர்த்தத்திற்கு இரண்டு நாள் முன்னதாகவே தீவை அடைந்தோம். மாமன் சூட்டிய மாலையோடு அமுதவல்லி மணவறை ஏறினாள். மாலையில் இலேசாக வெங்காய மணம் வீசியதை யாரும் சொல்லவில்லை.

நாடு திரும்பி முத்தங்கரையில் இறங்கியதும் மன்னர் என்னை அழைத்தார்.

"கவிராயரே, கப்பலைப் பிடித்துத் தந்தவர் நீர். உமக்குப் பரிசு வேண்டாமா? பட்டத்து யானை, குடை, பதினோரு ஊர் மரியாதை, எல்லாம் இந்தப் பயணத்தில் உமக்கே. நான் மரைக்காயர் வண்டியில் முன்னே போகிறேன்."

அவர் சிரித்த சிரிப்பு, வண்டி கண்ணுக்கு மறைந்த பின்னும் கேட்டது.

அரச கட்டளை. பதினோரு ஊர்களிலும் இறங்கினேன். பரிவட்டம் கட்டிக்கொண்டேன். என் பாடலை நானே நின்று கேட்டேன். முதல் ஊரில் பெருமையாக இருந்தது. மூன்றாம் ஊரில் கால் வலித்தது.

ஏழாம் ஊரில், வெங்காய வண்டி ஏதும் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தேன்.