படுத்துப் பார்க்கிற இடம்

சுயம்புலிங்கம் பாத்திரக் கடைக்காரர். ஐம்பது தாண்டிய பிறகு அவருக்குப் பாய்ப்படகு ஓட்டுகிற ஆசை வந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவள் ரொசாரி. அவரைவிட ரொம்பச் சின்னவள். அதனாலென்ன, குரு குருதான். அவர் 'டீச்சர்' என்றே கூப்பிட்டார்.

படகும் வாங்கியாச்சு. மனைவி தங்கபுஷ்பத்தோடு கடலில் ஒரு ராத்திரி தங்கியும் பார்த்தாச்சு. அன்றைக்கு அந்த அம்மா பொட்டுக்கூடக் கண்ணை மூடவில்லை. காலையில் கரையில் கால் வைத்ததும் சொன்னாள்: "இன்னும் ஒரே ஒரு தடவை வாரேன். அன்னைக்கும் ஒறக்கம் வரலேன்னா படகை வித்துருங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான்.

அந்த ஒரு தடவை இன்றைக்கு. டீச்சரையும் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

"அலையே இல்லாத இடம் எது டீச்சர்? ராத்திரிக்கு அங்கே நிப்பாட்டிருவோம்."

"நீங்களே காட்டுங்க, அண்ணாச்சி."

கடலுக்குள் பாறை ஒன்று மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மறைவில் படகை விட்டார். காற்றே இல்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்படி?"

"நங்கூரத்தைப் போடுங்க. உள்ளே போய்ப் படுங்க."

"இப்பவா? வெயிலே இன்னும் போகல. ஒறக்கம் வராதே."

"ஒறங்கவா சொன்னேன்? படுங்க."

படுத்தார். கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது. பிறகு படகு இந்தப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் சாய்ந்தது. தூக்குச்சட்டி உருண்டு வந்து அவர் காதில் இடித்தது. மத்தியானம் சாப்பிட்ட மீன்குழம்பு தொண்டைக்கு வந்துவிட்டது. வெளிறிப்போய் மேலே வந்தார்.

"ராட்டினத்துல ஏத்தி விட்ட மாதிரி இருக்கு! தண்ணி சும்மாதானே கிடக்கு?"

ரொசாரி பாறையின் நுனியைக் காட்டினாள். வெளிக்கடல் அலை அதைத் தொட்டது, வளைந்தது, சத்தமில்லாமல் உள்ளே வந்து படகின் விலாவில் முட்டியது.

"நின்னு பாத்தா தெரியாது" என்றாள்.

நங்கூரத்தைத் தூக்கினார்கள். இந்த முறை அவள் ஓட்டினாள். நீளமான மணல்திட்டு ஒன்றுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். திட்டு உயரமே இல்லை. காற்று அதைத் தாண்டி நேராக வந்தது. தண்ணீர் மேலெல்லாம் சொரசொரவென்று இருந்தது.

"இங்கேயா? காத்து மூஞ்சியில அடிக்கு. தங்கம் பயந்துருவா."

கருப்பட்டி மிட்டாய் தின்றுகொண்டிருந்த தங்கபுஷ்பம் நிமிர்ந்தாள். "நான் எப்பங்க பயந்தேன்?"

"படுங்க அண்ணாச்சி" என்றாள் ரொசாரி.

படுத்தார். அலையைத் திட்டு தடுத்துவிட்டது. காற்று படகின் மூக்கைப் பிடித்து நேராக வைத்திருந்தது. தூக்குச்சட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனாலும் எழுந்து வந்தார். நங்கூரக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். போய்ப் படுத்தார். மறுபடி வந்தார்.

"பாத்தியா டீச்சர்? போன தடவையும் விடிய விடிய இதே கூத்துதான்" என்றாள் தங்கபுஷ்பம்.

"நீ சும்மா இரு. நங்கூரம் பிடி விட்டுட்டா?"

"கயித்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் ரொசாரி. "விட்டா எழுப்புதேன்."

"கட்டாயம் எழுப்புவீங்களா?"

"தண்ணியைக் கோரி மூஞ்சியில ஊத்துதேன். போதுமா?"

தங்கபுஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் முறைத்துக்கொண்டே உள்ளே போனார். இந்த முறை திரும்பி வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது முகத்தில் வெயில். விடிந்தேவிட்டது! வாரிச் சுருட்டி எழுந்தார். தங்கம் கண்ணை மூடியிருக்க மாட்டாள், படகு போச்சு, எல்லாம் போச்சு என்று எதிரே அவள் படுக்கிற பலகையைப் பார்த்தார்.

தங்கபுஷ்பம் சேலைத்தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, உறங்கிக்கொண்டிருந்தாள்.

சத்தம் போடாமல் மேலே வந்தார். ரொசாரி கயிற்றுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர்" என்றார் மெதுவாக. "அவ எப்ப ஒறங்குனா? காத்து அடங்குன பிறகா?"

"காத்து இன்னும் அடங்கலையே, அண்ணாச்சி."

"பின்னே?"

"நீங்க கொறட்டை விட ஆரம்பிச்ச பிறகு."