வரையாட்டுக் கிடாவின் முதுகு

அந்தக் காலத்தில் வரையாடுகள், கிடாவும் பெட்டையும், ஒரே செம்மண் நிறத்தில் இருந்தன. நெருப்பும் பனியும் அவற்றோடு வாய்விட்டுப் பேசின.

ஒரு மாசிக் கடைசியில் மலைப்புல் காய்ந்து கம்பியாகிவிட்டது. மந்தைக்கு மூத்த கிடாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கூரி என்ற அவனுடைய பெட்டை குட்டி போட்டு ஒன்பது நாள். மடியில் பால் வற்றிக்கொண்டிருந்தது. எரிந்த இடத்தில்தான் தளிர் சீக்கிரம் வரும் என்று அவனுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாமல் மூங்கில் காட்டுக்கு இறங்கி நெருப்பை எழுப்பினான்.

"மச்சான், இந்த ஒரு சரிவை மட்டும் எரிச்சுக் குடு."

"ஒரு சரிவோட நிக்கிற பழக்கம் எனக்கில்லையே."

"ஓடை வந்ததும் நான் சொல்றேன், நின்னுக்கோ."

"வீட்டுல கேட்டியா?"

"அவங்ககிட்ட என்ன கேக்கறது?"

நெருப்பு சிரித்துக்கொண்டே கிளம்பியது. ஓடை வரை ஒழுங்காகத்தான் எரிந்தது. கிடா நில் என்றதும் நிற்கவும் பார்த்தது. காற்றிடம் யாரும் பேசி வைக்கவில்லை. அது ஒரு பொறியைத் தூக்கி அக்கரையில் போட்டது. அங்கே பாறைத்திட்டில்தான் தாயாடுகள் குட்டிகளோடு இருந்தன.

பனியைக் கூப்பிட உச்சிக்குப் போக வேறு வழியில்லை. கிடா தீக்குள் புகுந்து ஓடினான். உச்சியை அடைந்தபோது உடம்பெல்லாம் கருகியிருந்தது. குளிர்காலம் முடிந்து வெண்பனி அங்கிருந்து புறப்படும் நேரம்.

"அத்தை, கொஞ்சம் இறங்கி வா. அளவா வந்தாப் போதும்."

"நெருப்புகிட்டயும் இப்படித்தான் சொன்னியா?"

கிடா கீழே எரியும் சரிவைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் இறங்கினா தீ அணையும். ஆனா பால் குடிக்காத குட்டி என் குளிரைத் தாங்காது. அது மேல விழறதை நீ வாங்கிக்குவியா?"

"வாங்கிக்கிறேன்."

பனி இறங்கியது. திட்டின் விளிம்புவரை வந்த நெருப்பு புஸ்ஸென்று அடங்கியது. பனி மட்டும் நிற்கவில்லை. மற்ற பெட்டைகள் தத்தம் குட்டிகளை வயிற்றடியில் வாங்கிக்கொண்டன. கூரிக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. கிடா வந்து அவளுடைய குட்டியின் மேல் நாலு காலையும் ஊன்றி நின்றான். முதுகில் பனி ஏறிக்கொண்டே போனது.

"உதறிடாதய்யா. உதறினா பிள்ளை மேலதான் விழும்."

"உதறல."

"காலு நடுங்குதே?"

"பசி."

"மலையையே கொளுத்தினவருக்குப் பசியாம்," என்றாள் கூரி. ஆனாலும் நகர்ந்து வந்து அவன் காலில் சாய்ந்துகொண்டாள்.

வெயில் வந்தபோது குட்டி அவன் வயிற்றடியிலிருந்து தள்ளாடி வெளியே வந்து மடியைத் தேடியது. கிடா அப்போதுதான் உதறினான். பனி விழுந்தது, அது படிந்திருந்த இடத்தின் வெண்மை விழவில்லை. பாறையில் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை.

"இருக்கட்டும்," என்றாள் கூரி. "தூரத்துலயே தெரியும், யாரு வர்றாங்கன்னு."

கிடா முதிர்ந்ததும் உடம்பு கறுத்து முதுகில் மட்டும் வெண்மை படிவது அன்று தொட்டுத்தான். அந்த முதுகு சரிவில் ஏறி வருவதைக் கண்டால் தாயாடுகள் மேய்ச்சலை நிறுத்தி ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும், பிறகுதான் குனியும்.